நல்லவர் எழுதிய கடிதம்

"அந்தப் பொம்பளை எனக்குக் கடிதம் எழுதிக் கிழிச்சது போதும்!"

டெஸ்ஸா நோவாக் லாக்கர் கதவை அறைந்து சாத்தினாள். தோழி ஃபெலிசியாவுக்குச் சிரிப்பு வந்தது.

இருவருக்கும் பார்மசி படிப்பில் கடைசி வருடம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருட ரெசிடென்சி பயிற்சி கிடைத்தால்தான் டெஸ்ஸா ஆசைப்பட்ட குழந்தைகள் வார்டுக்குப் போக முடியும். அதற்கு மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். இரண்டு பேராசிரியர்கள் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவதுதான் இழுபறி.

"ஐ.சி.யூ.வுல உனக்கு டிரெய்னிங் கொடுத்தவங்க. ஹால்வர்சன் மேடம் எழுதினா தனி மதிப்புடி."

"என்ன சொன்னாங்க தெரியுமா? கிட்னி கெட்ட பேஷன்ட்டுக்கு நான் டோஸைக் குறைக்காம விட்டேன்ல, அதையும் எழுதுவாங்களாம். நானே ஓடி வந்து ஒத்துக்கிட்டதையும் எழுதுவாங்களாம்!"

"ரெண்டாவது நல்லதுதானே?"

"முதல் வரியைப் படிச்சதுமே குப்பையில போட்டுருவாங்க. டோலிவர் சார் இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

டோலிவர் இன்னொரு ஆஸ்பத்திரியில் பார்மசிக்குத் தலைவர். அங்கேதான் டெஸ்ஸா சனி, ஞாயிறு வேலை பார்த்தாள். மனுஷர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சனிக்கிழமை தவறாமல் டோனட் வாங்கி வருவார்.

கேட்டதுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதைக் கேக்கணுமா கண்ணு? நீ எனக்கு மக மாதிரி. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு வந்ததும் முதல் வேலையா எழுதி அனுப்பிடறேன்."

சொன்னபடியே புத்தாண்டு கழிந்த மறுநாள் அனுப்பினார். விண்ணப்பத்தில் 'கடிதத்தை நான் படித்துப் பார்க்க மாட்டேன்' என்ற கட்டத்தில் டெஸ்ஸா முன்பே டிக் அடித்திருந்தாள். எல்லாரும் அடிப்பதுதான். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை எந்த ஆஸ்பத்திரியும் நம்பாது.

பிப்ரவரி வந்தது. ஃபெலிசியாவுக்கு ஐந்து இடத்திலிருந்து இன்டர்வியூ. டெஸ்ஸாவுக்கு ஓர் இடத்திலிருந்துகூட இல்லை. மதிப்பெண்ணில் அவள்தான் மேலே. தினமும் மெயிலைத் திறந்து பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனாள்.

சனிக்கிழமை டோலிவரின் அறையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"எல்லாம் அந்த ஹால்வர்சன் வேலை சார்! அவகிட்ட கடிதம் வாங்கலைங்கற வன்மம். ஊரெல்லாம் போன் போட்டுக் கெடுத்திருக்கா!"

"இருக்கும் கண்ணு, இருக்கும்," என்று டோலிவர் பெருமூச்சு விட்டார். "சில பேருக்கு அடுத்தவங்க முன்னேறினா பொறுக்காது."

டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். டோனட் பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"கலங்காதே. நான் எதுக்கு இருக்கேன்? நம்ம நைட் டியூட்டி வேலை உனக்குத்தான். ஒரு ஆள் நிக்க மாட்டேங்கறான், உன்னை மாதிரி பொறுப்பான பொண்ணு கிடைக்குமா? வேற யாரையும் தேட வேண்டாம், ஜூன்ல படிப்பு முடிஞ்சதும் டெஸ்ஸா வந்துடுவான்னு கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ஆபீஸ்ல சொல்லி வச்சுட்டேன்."

டெஸ்ஸா நன்றியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டோனட்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள்.

"சார், நீங்க எனக்குக் கடிதம் அனுப்பினதே புத்தாண்டுக்கு அப்புறம்தானே? எனக்கு எங்கேயும் கிடைக்காதுன்னு கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரியும்?"