மாநாட்டுக்குப் பிறகு

மார்ச் பதினொன்றாம் தேதி, காலை ஏழேகால் மணி. வெளியே விடாத தூறல். பிள்ளைகளின் டிபன் டப்பாக்களைத் தம்பி நிரப்புவதைப் பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

தம்பி மனைவி மருத்துவமனையில் செவிலி. தலைமைச் செவிலியாகப் பதவி உயர்வு வந்திருந்தது, ஆனால் வெளியூர். பத்து மணிக்குள் பதில் தரவேண்டிய படிவம் அவள் முன்னே வெறுமையாகக் கிடந்தது.

“போன வருஷம் அந்த மகளிர் தலைமை மாநாடு முடிஞ்சதுலேர்ந்து வீடே தலைகீழா இருக்கு. மேடையில பேசின அம்மா கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. என் தம்பி இங்க கரண்டி பிடிக்கிறான்,” என்றாள் அக்கா.

“வேண்டாம்னுதான் எழுதப்போறேன் அண்ணி. பிள்ளைங்களை யார் பார்க்கிறது?”

“இப்பவாவது புரிஞ்சுதே. இனிமே மாநாட்டுப் பக்கமே போகாதே.”

“நான் எங்க போனேன்? அன்னிக்கு எனக்கு டியூட்டி.”

“பின்னே யார் போனது?”

“அங்க மைக் செட் போட்ட உங்க தம்பிதான்.”

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “நாள் பூரா காதுல ஹெட்போன், அக்கா. ‘உங்களுக்கு வந்த வாய்ப்பை யாருக்காக மடிச்சு வெச்சீங்க?’ன்னு அந்தம்மா கேட்டாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குத்தான் கை எழும்பல. இவ ஏற்கெனவே ரெண்டு தடவை மடிச்சு வெச்சிருக்கா.”

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தான் வேலைபார்க்கும் ஒலியமைப்பு நிறுவனத்தில் ஓராண்டு விடுப்புக் கேட்டுக் கையெழுத்திட்ட கடிதத்தை மனைவியிடம் கொடுத்தான். அவள் அதை இரண்டு முறை படித்தாள்; பிறகு படிவத்தில் ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

“நனையாம கொண்டுபோய்க் குடு,” என்று அக்கா தன் குடையை நீட்டினாள்.