நேராக இறங்கிய ட்ரோன்

"சாதி விட்டுக் கட்டினவள் இந்தப் பக்கம் தலை காட்டினால் தாலி ஏறாது, சொல்லிப்போட்டன்!"

மாப்பிள்ளையின் பெரியப்பா பாக்கியரத்தினம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"மூத்தவள் எனக்குச் செத்துப் போனவள். நீங்கள் யோசியாதேங்கோ" என்றார் பெண்ணின் தகப்பன் குலசிங்கம்.

லிங்கநகர் வீட்டு முற்றத்தில் பெரிய திரை. கல்யாணப் படம் எடுக்க வந்த உள்ளூர்ப் பெடியன் றுவைஸ் பறக்கவிட்ட ட்ரோன் மேலே நின்று கல்யாண வீட்டை அதில் காட்டிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்குப் பத்தே நிமிடம்.

ட்ரோன் திரும்பியபோது திரையின் ஓரத்தில் பின்வீட்டு மொட்டை மாடி வந்தது. தண்ணீர்த் தாங்கியோடு ஒட்டி, கைக்குழந்தையுடன் ஒரு பெண்.

பாக்கியரத்தினத்துக்குப் பருந்துக் கண்.

"அது ஆர்? கிட்டக் கொண்டு போம் தம்பி!"

றுவைஸ் அவளை அடையாளம் கண்டான். அது மூத்தவள் கீர்த்தனி. விடியக்காலையில் திரை கட்டும்போது அவள் பின்வீட்டுப் படியில் ஏறியதை அவன் கண்டிருந்தான்.

"கொண்டு போம் எண்டுறன்!"

பெரியவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும்.

றுவைஸ் கையிலிருந்த ட்ரோன் விசையை அடியோடு கீழே இழுத்தான்.

ட்ரோன் நேர் கீழாக இறங்கியது. ஆடியது, தள்ளாடியது, கவிழ்ந்து ஆளில்லாத பின்வளவு வாழைகளுக்குள் பொத்தென்று விழுந்தது. திரை கறுத்துப் போனது.

"வேலை தெரியாதவனையோ பிடிச்சனீர்?" என்று பாக்கியரத்தினம் குலசிங்கத்தின் மேல் பாய்ந்தார்.

"மானத்தை வாங்கிப்போட்டாய்! போ வெளியில!" என்று குலசிங்கமும் கத்தினார்.

படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டாளி சிந்துஜன் கிட்ட வந்தான்.

"மச்சான், நேர இறக்கினால் அது தள்ளிவிட்ட காத்துக்குள்ளயே தான் விழும், இறக்கை பிடிக்காது, சரிச்சுத்தான் இறக்கோணும் எண்டு எனக்குப் படிப்பிச்சதே நீதானே?"

"கை தவறிப் போச்சு, விடு."

கெட்டிமேளம் கேட்டு ஓய்ந்தது. வாழைகளுக்குள் குந்தியிருந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான் றுவைஸ். செருப்புச் சத்தம். நிமிர்ந்தால், குலசிங்கம்.

"ஐயா, நான்..."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏசினதைக் குறை நினையாதேங்கோ தம்பி. அவள் தங்கச்சியின்ர தாலியைப் பாத்திட்டாள். விடியவே பின்வீட்டுத் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து அவளை மேல ஏத்திவிட்டதே நான்தான்."