நீலக் கோடு

"அப்பா, ஒரு சடை மேலே போயிடுச்சு!" கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள் மகள் குட்டி.

"நாளைக்கு இன்னொண்ணையும் ஏத்திடலாம்," என்றான்.

பால் காய்ச்சினான். குட்டிக்கு ஆற்றிக் கொடுத்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

குளியலறையில் அவன் கொழுந்தியாள் பெரிய தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று முதல் குட்டிக்குத் தனிக் கட்டில். அதற்கான போர்வைக்கு முதல் அலசல். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, மனைவி வரைந்திருந்த இலைகளின் மேலேயே அவன் கையால் தைத்து முடித்தது. வரைந்தது, துணிக்கென்றே விற்கும் நீலப் பேனாவில். நனைத்தால் கோடு மறைந்துவிடும். தையல் மட்டும் நிற்கும்.

"என்ன மாமா, ஒரு தையல் அரிசி, ஒரு தையல் அவரைக்கொட்டை?"

"தள்ளி நின்னு பாரு."

"எங்கே, தெருக்கோடியிலயா?"

சிரித்தபடியே ஓர் இலையைத் தடவினாள். அதன் காம்பு திடீரென்று கோணி ஓடியிருந்தது. "அட, இந்தக் கோணலையும் விடாம தைச்சிருக்கீங்களே!"

"வரையும்போது வயித்துக்குள்ள இருந்து குட்டி உதைச்சா. பேனா இழுத்துட்டுப் போயிடுச்சு."

"நானா?" குட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்தி, அது நான் போட்ட கோடு!"

போர்வையை அமுக்கி ஊறவிட்டார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இலைகள் நீலமாகவே இருந்தன. கொழுந்தியாள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

"மாமா, இதை இஸ்திரி போட்டீங்களா?"

"நேத்து. சுருக்கமா இருந்தது."

"போச்சு! சூடு பட்டா இந்த மை துணியோட ஒட்டிக்கும். இனி எந்த சோப்புக்கும் அசையாது. இவ்வளவு பாடுபட்டுத் தைச்சுட்டு, கிறுக்கி வச்ச மாதிரியா பிள்ளைக்குப் போர்த்துவீங்க? அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

அவன் போர்வையின் ஒரு முனையைப் பிழிந்தான்.

சொல்லியிருந்தாள். பிரசவத்துக்குக் கிளம்பிய காலையில், காருக்குள் ஒரு காலை வைத்தபடி, திரும்பிப் பார்த்து அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னதே அதுதான்:

"மறந்துபோய் இஸ்திரி போட்டுடாதீங்க. அப்புறம் நான் போட்ட கோடு ஜென்மத்துக்கும் போகாது."