பிளஸ்ஸியின் ஞாயிற்றுக்கிழமைகள்

பாண்டிராஜ் அண்ணாச்சி இப்படிச் செய்வார் என்று பிளஸ்ஸி நினைத்ததே இல்லை.

சங்கரன்கோவில் வீட்டில் இருந்தபடியே அவள் பார்க்கும் வேலை, ரத்த வங்கிகளுக்காகப் பெர்ல் மொழியில் எழுதிய பழைய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைக் கவனித்துக்கொள்வது. கூட வேலை பார்ப்பவர் பாண்டிராஜ் ஒருவர்தான். மேலநீலிதநல்லூர்க்காரர், இருப்பது சென்னையில். ரத்தம் வைத்திருக்கும் ஃபிரிட்ஜில் சூடு ஏறினால், அன்றைக்கு யார் முறையோ அவருக்கு அலாரம் போன் வரும். ஞாயிற்றுக்கிழமை பிளஸ்ஸி முறை.

எட்டு மாதமாக அவள் முறையில் போன் அடிக்கவே இல்லை.

அம்மா போன பிறகு வேறு யாரும் கூப்பிடுவதும் இல்லை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால் மறுநாள் காலைவரை வாய் திறக்க ஆள் கிடையாது. ஒரு அலாரமாவது வரட்டும் என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஞாயிறுகள் உண்டு.

இன்று அந்தப் புரோகிராமின் புதுப் பகுதியாக ஒரு மாட்யூல் எழுதும்போதுதான் விஷயம் பிடிபட்டது.

முறைக்காரரின் போன் எண் ஒரு மாட்யூலில் ஒரு பெயரின் கீழ், வேரியபிளாக, சேமித்திருக்கிறது. மற்ற மாட்யூல்கள் பெயர் சொல்லிக் கேட்டால் அதை எக்ஸ்போர்ட் செய்து கொடுக்கும். யார் கேட்டாலும் ஒரே எண்தான் கிடைக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முறைக்கு அவளுடைய மாட்யூல் கேட்டால் அவள் எண் வந்தது. அலாரம் மாட்யூல் கேட்டால் பாண்டிராஜ் எண்.

எக்ஸ்போர்ட் பகுதியைத் திறந்தாள். வழக்கமான வரிகளை எடுத்துவிட்டு அண்ணாச்சி சொந்தமாக எழுதி வைத்திருந்தார். கேட்பது அலாரம், முறை பிளஸ்ஸியுடையது என்றால் அவர் எண்ணைக் கொடு.

ஒரு ஆளைக் குறைக்கப் போவதாகக் கம்பெனியில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதற்குத்தானா?

மேனேஜர் தேன்மொழிக்குப் போன் போட்டாள்.

"மேடம், என் அலாரம் எல்லாம் தனக்கு வர்ற மாதிரி பாண்டிராஜ் அண்ணாச்சி மாத்தி வச்சிருக்காவ. நான் வேலையே பாக்கலைன்னு காட்டத்தான்."

தேன்மொழி கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"என்ன பிளஸ்ஸி சொல்றீங்க? எட்டு மாசத்துல ஞாயித்துக்கிழமை மட்டும் இருபத்தி மூணு அலாரம். எல்லாத்தையும் சரி பண்ணது நீங்கன்னுதானே லிஸ்ட்டுல இருக்கு?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். அந்த வரிகளை எழுதிய தேதியைத் தேடினாள். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்.

பாண்டிராஜைக் கூப்பிட்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி இப்படிச் செஞ்சிய?"

"பாத்துட்டியா? ஞாயித்துக்கிழமையாவது நீ கொஞ்சம் அசந்து கெடக்கட்டும்னுதான். வந்த அலாரத்த நான் பாத்துட்டு உன் பேருல போட்டு வச்சேன். ஒரு மாசத்துல எடுத்துரலாம்னு நெனச்சேன். நீ ஒண்ணும் கேக்கல, அப்படியே போயிட்டு."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. போன் அடிக்காதான்னு நான் உக்காந்து கெடந்தேன்."



"அது எனக்குத் தோணாமப் போச்சே மக்கா."

பிளஸ்ஸி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மேடத்துக்கிட்ட உங்களப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். இப்பவே கூப்பிட்டு எல்லாம் நீங்க பாத்த வேலைன்னு சொல்லுதேன். அந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் ஆளக் கொறைப்பாவளாம்."

"ஒண்ணும் சொல்லாண்டாம். அந்த ரெண்டு வரிய மட்டும் அழிச்சிரு, போதும்."

"எப்படி அண்ணாச்சி சும்மா இருக்க?"

"லிஸ்ட்ட எல்லாம் பாத்து முடிச்சிட்டாவ, பிளஸ்ஸி. எனக்குப் போன வாரமே லெட்டர் வந்துட்டு."