இரண்டு இருபத்தைந்துக்கு அடித்த நாலு மணி

ராசாத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று, கேட்டுக்கு ஓடிப் போய் வாட்ச்மேன் வெங்கடாசலத்திடம் சொன்னது நான்தான்.

ராசாத்தி அவர் மனைவி. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். மூன்று தடவை தங்காமல் போய், நாலாவது தடவை பிழைத்து வந்த குழந்தை.

மனிதர் தொப்பியைக் கழற்றினார். போட்டார். மறுபடியும் கழற்றினார். கண் கலங்கிவிட்டது.

“போயிப் பாருங்கண்ணா, கேட்டை நான் பாத்துக்கறேன்.”

“நாலு மணி அடிக்கட்டும் குப்பாயி.”

அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஏற்காட்டில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. ஆனால் சேலத்திலிருந்து ஏழு ஆஸ்பத்திரிகளை நடத்துகிற பெரிய மிஷனைச் சேர்ந்தது. ஏழுக்கும் ஒரே சர்க்குலர். நாலு மணி அடித்த பிறகே பார்வையாளர்கள் உள்ளே போகலாம். சொந்தக்காரர்களைப் பார்க்க வரும் ஊழியர்களுக்கும் அதே சட்டம். மற்ற ஆறு ஊர்களில் அதைச் சுவரில் ஒட்டினார்கள். வெங்கடாசலம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டார்.

எஸ்டேட் மேனேஜர் காரையே நிறுத்திய ஆள் அவர். வந்தவர் பெயர், நோயாளி பெயர், என்ன உறவு, மூன்றையும் கேட் நோட்டில் எழுதாமல் ஈகூட நுழைய முடியாது. உறவுக் கட்டத்தில் ‘சொந்தம்’ என்று பொதுவாக எழுதினால் விடமாட்டார். மச்சானா, மாமனா, சித்தப்பாவா என்று நோண்டி நோண்டிக் கேட்டு, அதை அடித்துவிட்டு மறுபடி எழுத வைப்பார்.

நான் இங்கே வார்டு ஆயா. என்னையே ஒரு லீவு நாளில், அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது, இரண்டு மணி நேரம் வெளியே நிற்க வைத்தார். கஞ்சி ஆறிப் போனது. ஐந்து வருஷமாகியும் என் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. என்றைக்காவது இவரை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

செய்தி பரவி, மேட்ரன் லூர்துசெல்வி அம்மாவே இறங்கி வந்துவிட்டார். நான் சொல்கிறேன், போய்ப் பாருங்கள் என்றார்.

வெங்கடாசலம் கேட்டுக்கு வெளியே கையைக் காட்டினார்.

பெஞ்சிலும் திட்டிலுமாகப் பதினோரு பேர். குப்பனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அங்கப்பன், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிக்கும் விடியற்காலையில்தான் பிரசவம். அவனும் குழந்தை முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

“அவுங்களை நிறுத்தி வெச்சுப்போட்டு நான் மட்டும் எப்படிங்கம்மா போறது?”

மேட்ரன் திரும்பி நடந்தார். எனக்குக் கோபத்தைத் தொடர ஆசைதான். முடியவில்லை.

ஒரு மணி. ஒன்றரை. இரண்டு.

மூடுபனி இறங்கியது. வார்டு வராந்தாவிலிருந்து பார்த்தால் கேட் மட்டும்தான் தெரிந்தது. சூரியன் இருக்கும் இடத்தை யாராலும் சொல்ல முடியாது. வெங்கடாசலம் வாட்சைப் பார்ப்பதும், பிரசவ வார்டு ஜன்னலைப் பார்ப்பதுமாக நடந்துகொண்டே இருந்தார்.

“ஏனுங்க வாட்ச்மேன், நாலு மணிக்கு இன்னும் நொம்ப நேரம் இருக்குதுங்களா?” என்று அங்கப்பன் வேண்டுமென்றே கேட்டான். தினமும் அவரைப் பார்த்து ஊரே கேட்கிற கேள்வி அது. பெஞ்சே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, கொஞ்சம் நகரச் சொல்லி, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வராந்தாவில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதும் என் வேலைதான்.

சுத்தியலை எடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

சுத்தியலைக் கீழே வைத்தேன். எதிர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள், நாலு மணி ஆகிவிட்டது என்று கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற சத்தம் பனிக்குள் கேட்டது. டாக்டர் சாப்பாட்டுக் கையோடு எட்டிப் பார்த்தார். மேட்ரன் நேராக என்னிடம் வந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவர் மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூடப் பிசகாத கடிகாரம். அதன் திருகைத் திருகி, முள்ளை நாலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“கேட்டை யாரு பாத்துக்கறது? ஓடு” என்றார்.

நான் இறங்கி ஓடினேன். பதினோரு பேரும் நோட்டில் எழுதிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அங்கப்பன் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினான். கடைசியாக, தொப்பி இல்லாமல், வெங்கடாசலம். என்னைத் தாண்டிப் போகும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

அவரைச் சட்டத்தை மீற வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஐந்து வருஷக் கஞ்சிக்கு இது போதும்.

ஸ்டூலில் கேட் நோட்டு திறந்து கிடந்தது. மை காயவில்லை.

‘மாலை நாலு மணி, பகல் 2.25க்கு அடிக்கப்பட்டது. கேட் திறக்கப்பட்டது.’

தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குக் கீழே பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயர் அவருடையது. நோயாளி பெயர், ராசாத்தி.

உறவுக் கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுத வேண்டிய மனிதர், கோடுகளையெல்லாம் தாண்டிப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘அப்பா’.