கிளேட்டனும் கூட இருந்தார்

அமெரிக்காவின் பாட்டு நகரமான நாஷ்வில்லில் ஒரு பாட்டு பிறக்கும்போது கூட இருந்தவருக்கெல்லாம் அதில் சமபங்கு உண்டு. வாயே திறக்காவிட்டாலும் பெயர் சேர்ந்துவிடும். பாட்டு வாங்கும் நிறுவனத்துக்குப் புதிதாக வந்திருந்த ஹார்லனுக்கு அந்த வழக்கமே எரிச்சல்.

“டெஸ்ஸி, இது முழுக்க உங்க பாட்டு. இதுல உங்க வீட்டுக்காரர் கிளேட்டன் பேர் எதுக்கு? அவர் ஒரு வரியாவது சொன்னாரா?”

“இல்ல.”

“கிட்டாரையாவது தொட்டாரா?”

“நான்தான் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சேன். அவர் கண்ண மூடிப் படுத்திருந்தார்.”

“நல்லா இருக்கே. நீங்க தொண்டை கிழியப் பாடுவீங்க, ஐயா தூங்குவாரு. அவருக்குப் பாதியா?”

“அவர் இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல.”

“கேட்டுட்டு நல்லாருக்குன்னாவது சொன்னாரா?”

டெஸ்ஸி கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“டூர் போன எங்க வண்டி மேல லாரி மோதினதுலேருந்து அவர் கோமாவுல இருக்கார். பழக்கமான குரல் கேட்டா கண்ணு திறக்கலாம்னு டாக்டர் சொன்னார். எங்க பழைய பாட்டெல்லாம் பாடிப் பார்த்துட்டேன், ஹார்லன். அதான் புதுசா ஒண்ணு எழுதினேன்.”