சந்தன சோப்பு

“ரெண்டு தடவை எம்.எல்.ஏ.வா இருந்த மனுசன், ஒரு சந்தன சோப்பைத் திருடி டெபாசிட்டையே தொலைச்சுட்டாரே, பாவம்!” என்றபடி, எண்பத்தொன்பதாம் வருடச் சட்டசபைத் தேர்தல் முடிவு வந்திருந்த செய்தித்தாளை மடித்தார் பாப்பிரெட்டிப்பட்டி மளிகைக்கடை மஸ்தான் பாய்.

ஓட்டுக் கேட்டு வந்த சென்றாயனின் தோள் பையிலிருந்து, ஊரே பார்க்க அந்தச் சோப்பு வெளியே வந்தது இந்தக் கடையில்தான். முதலில் பார்த்துக் கூச்சல் போட்டவள், கடையில் வேலை செய்யும் கண்ணம்மாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாவமா? எங்க மலைக்கு ரோடு போட்டுட்டேன்னு சொல்லி முழு ரோட்டையும் முழுங்கினாரே, அப்ப யாராச்சும் திருடன்னு சொன்னீங்களா? மாலைதானே போட்டீங்க! பிரசவ வலியில துடிச்ச எம் பொண்ணைத் தூளி கட்டித் தூக்கிட்டு வந்தோம். பாதி வழியிலயே போயிட்டா. அதை யாரு கேட்டீங்க?”

“அது அநியாயந்தான், கண்ணம்மா. ஆனா சோப்பு அவரு பையிலதானே இருந்துச்சு?”

“இருந்துச்சுங்க.” கண்ணம்மாள் சோப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “பை எம் பக்கம் வாயைத் தொறந்துக்கிட்டுத் தொங்குச்சு. அவரு உள்ள வந்ததுலேர்ந்து கும்பிட்ட கையை எறக்கவேயில்ல. அப்புறம் எந்தக் கையால எடுத்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்களே, பாய்!”